மரண விசாரணை நடக்காத ஊரில் துப்பறியும் கதை

ஒருவர் இறந்து கிடக்கிறார். விதானையாருக்குச் செய்தி போகிறது. பொலிஸ் வருகிறது. மரண விசாரணை அதிகாரி வருகிறார். சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அறிக்கை நீதவானிடம் போகிறது. உலகத்துத் துப்பறியும் கதைகள் எல்லாம் இந்த ஒழுங்கை நம்பியே எழுதப்பட்டவை. துப்பறிபவர் பொலிஸை எள்ளி நகையாடலாம், வைத்தியரின் அறிக்கையில் பிழை பிடிக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் உடலைப் பார்த்து, இது எப்படி நேர்ந்தது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி எழாவிட்டால் கதை இல்லை.

1979 இல் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 ஜூன் மாதம் அவசரகால விதி 15ஏ வந்தது. மரண விசாரணையோ பிரேத பரிசோதனையோ இல்லாமல் உடலைப் புதைக்கவும் எரிக்கவும் படையினருக்கு அது இடங்கொடுத்தது. வடக்கில் துப்பறியும் கதையின் முதல் அத்தியாயத்தை இப்படிச் சட்டமே கிழித்துப் போட்டது. யாழ்ப்பாண நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், பரவைக் கடலின் கரையில் இருக்கும் கொழும்புத்துறை போன்ற ஒரு சிற்றூரை வைத்து, போருக்குப் பின்னான காலத்தின் குற்றத்தை ஆராயும் வரலாற்று நாவலைத் தமிழில் எழுத முடியுமா? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான். முடியும், எழுதியே ஆகவேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அதற்குத் துப்பறிபவர் மாற வேண்டும், அவர் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும்.

தமிழ் மரபு தரும் முதல்

தமிழ்த் துப்பறியும் கதைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அதற்கு வாசகர் கூட்டத்தை உண்டாக்கினார்கள். வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' என்ற தலைப்பிலேயே சிற்றூர் நிற்கிறது. அது 1950 இல் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் மொடேர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. மாவட்டத்துக் கோர்ட்டு, வக்கீல் வீடு, கோயில் வீதி ஆகியவற்றைச் சுற்றிக் குற்றத்தைப் பின்னும் கலை அன்றே கைவந்திருந்தது. பிறகு தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் என்று துப்பறிபவர்கள் சென்னைக்குக் குடியேறினார்கள். சிற்றூர் அவர்கள் போய்வரும் இடமாகச் சுருங்கியது.

வரலாறும் குற்றமும் சந்தித்த இடங்களும் உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' என்ற பெருங்கதையின் நடுவே தீர்க்கப்படாத ஒரு கொலை கிடக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்குக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைத் தருகிறது. ரவிதாசனும் அவன் சகோதரரும் துரோகிகள் என்று அது சொல்கிறது, அவர்களுடைய சொத்துக்கு என்ன ஆனது என்றும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் நின்றவர் யார் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி தன் நாவலைக் கட்டினார். சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' தன் துப்பறியும் இணையை இராஜராஜன் காலத்துக்கே அனுப்பியது. ஆகவே தமிழ் வாசகருக்கு வரலாற்றுக் குற்றக் கதை அந்நியமல்ல. அரண்மனைக் கொலைக்கு நம்மிடம் கதை இருக்கிறது, அடுத்த தெருக் கொலைக்கு இல்லை. நம் தாத்தாமார் வாழ்ந்த காலத்தின் கொலைக்கு அதைவிடவும் இல்லை.

ஈழத்தில் ஏன் பிறக்கவில்லை

ஈழத்து நாவலில் குற்றத்துக்குப் பஞ்சமில்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியின் பெயரால் அடியும் தீவைப்பும் கொலையும் நடக்கும் உலகம் அது. அங்கே துப்பறிபவருக்கு வேலை இல்லை. செய்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். விதானையாருக்குத் தெரியும், பொலிஸுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதுதான் அங்கே அமைப்பு. சிற்றூரின் குற்றத்தைப் பெருநகரக் குற்றத்திலிருந்து பிரிக்கும் முதல் வேறுபாடு இது. நகரத்தில் உண்மை மறைந்திருக்கும், தேடிப்பிடிக்க வேண்டும். சிற்றூரில் உண்மை எல்லோர் வீட்டு விறாந்தையிலும் உட்கார்ந்திருக்கும், வாய் திறக்க வைக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. துப்பறியும் கதைக்குச் சட்டத்தின்மீது கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும். கொழும்பில் 1951 இல் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொல்லப்பட்டபோது அந்த நம்பிக்கை இருந்தது. எடின்பரோவிலிருந்து தடயவியல் பேராசிரியர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1953 இல் ஜூரி அவரை விடுவித்தது. ஓர் உடல் எந்த நேரத்தில் உயிரிழந்தது என்பதற்காக ஒரு நாடே வாதாடிய காலம் அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வடக்கில் அந்த நம்பிக்கை முற்றாகக் கழன்றது. முறைப்பாடு கொடுக்கப் போனவர் சொன்னது தமிழில், எழுதப்பட்டது சிங்களத்தில். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுபக்கம் ஆயுத இயக்கங்களின் விசாரணைகள் நடந்தன. அங்கே தீர்ப்பு மின்கம்பத்தில் எழுதித் தொங்கவிடப்பட்டது. சுற்றிவளைப்பில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவர் தலையசைத்தாலே சாட்சியும் தீர்ப்பும் முடிந்தன. இந்தச் சூழலில் நேர்மையான இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கதாநாயகனாக்கினால் வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

எந்தப் போருக்குப் பின்?

போருக்குப் பிந்தைய காலம் என்று சொல்லும்போது ஐரோப்பிய எழுத்தாளர் 1945 ஐ மனதில் வைக்கிறார். யாழ்ப்பாணத்தில் போர் பலமுறை முடிந்திருக்கிறது. 1987 ஜூலை இறுதியில் இந்தியப் படை வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்கள். ஒக்டோபரில் அந்தப் படையுடனேயே போர் மூண்டது, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை போனது, ஜூனில் அடுத்த போர் வந்தது. அந்த ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றினார்கள். 1995 டிசம்பரில் இராணுவம் நகரைப் பிடித்தது. வன்னியில் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே யாழ்ப்பாணம் தன் போருக்குப் பிந்தைய வாழ்வைத் தொடங்கியது. 2002 இல் போர் நிறுத்த உடன்படிக்கை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது, ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் காலம் வந்தது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது.

கதைசொல்லிக்கு இதனால் பெரும் வாய்ப்பு ஒன்று கிடைக்கிறது. ஒரு சமாதானத்தில் செய்த குற்றம் அடுத்த போருக்குள் புதைகிறது. ஆட்சி மாறும்போது சாட்சி ஊரைவிட்டுப் போகிறார், பதிவேடு எரிகிறது, குற்றவாளி வேறு பெயரில் வேறு தரப்பின் ஆளாகத் திரும்பி வருகிறார். குரோஷிய எழுத்தாளர் யூரித்சா பவிச்சிச் 2017 இல் வெளியிட்ட 'சிவந்த நீர்' நாவல் இதையே செய்கிறது. 1989 இல் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண் காணாமற்போகிறாள். விசாரணை சூடுபிடிக்கும் நேரத்தில் யூகோஸ்லாவியா உடைகிறது, பொலிஸ் நிலையத்தின் பெயர்ப்பலகையே மாறுகிறது, விசாரித்த அதிகாரி வேலையிழந்து வேறு தொழிலுக்குப் போகிறார். குடும்பம் மட்டும் பல பத்தாண்டுகளுக்குத் தேடுகிறது. பெயர்களை மாற்றினால் வடக்கின் கடலோர ஊர் ஒன்றின் கதை.

கற்றுக்கொள்ளத் தகுந்த மூன்று முன்மாதிரிகள்

முதலாவது, இத்தாலியின் லியனார்டோ சாஷா 1961 இல் எழுதிய 'ஆந்தையின் பகல்'. சிசிலியின் சிற்றூரில் விடியற்காலையில் பஸ் ஏறப்போன ஒருவர் சுடப்படுகிறார். பஸ் நிறைய ஆட்கள், ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. வட இத்தாலியிலிருந்து வந்த கப்டன் பெல்லோதி கொலையாளியையும் ஏவியவரையும் கண்டுபிடிக்கிறார், மேலிடம் வழக்கை உடைத்துவிடுகிறது. துப்பறிதல் வென்று நீதி தோற்கும் கதை. தீர்வு கிடைத்தும் தண்டனை கிடைக்காத நாவல் வாசகரை ஏமாற்றாது என்பதற்கு அறுபது ஆண்டுகளாக நிற்கும் சாட்சி அது.

இரண்டாவது, நம் நாட்டவரும் நம் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களும் ஆங்கிலத்தில் எழுதியவை. மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' (2000) நாவலில் தடயவியல் நிபுணர் ஒருத்தி அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்லியல் பகுதியில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுகிறாள். எலும்பில் பதிந்த தொழிலின் அடையாளங்கள் வழியே அவன் கள் இறக்கியவன், பின்னர் சுரங்கத்தில் வேலைசெய்தவன் என்று தெரிகிறது. ஷெஹான் கருணாதிலக்கவின் புக்கர் பரிசு பெற்ற நாவலில் (2022) கொலையுண்ட படப்பிடிப்பாளரே ஆவியாக நின்று, 1990 ஆம் ஆண்டின் கொழும்பில் தன்னைக் கொன்றவரைத் தேடுகிறார். வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023) எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவி ஒருத்தி சாட்சியாக மாறும் கதை. 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகமவின் நினைவு அந்நாவலின் பின்னால் நிற்கிறது. மூன்றிலும் துப்பறிபவர் பொலிஸ்காரர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். நிபுணர், இறந்தவர், மாணவி என்று மூவருமே அதிகாரம் இல்லாதவர்கள். தமிழில் ஷோபாசக்தியின் 'ம்' இந்த வழிக்கு அருகில் வருகிறது. வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் தப்பிய ஒருவரின் வாழ்வையும் ஒரு வீட்டுக்குள் நடந்த குற்றத்தையும் அது ஒரே மனிதரில் வைத்துக் கேள்வி கேட்கிறது.

மூன்றாவது முன்மாதிரியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் எலிஸ் பீட்டர்ஸ் 1979 இல் வெளியிட்ட 'ஒரு பிணம் கூடுதல்' நாவலின் களம் ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூர், காலம் 1138. உள்நாட்டுப் போரில் கோட்டை விழுகிறது. அரசன் ஸ்டீபன் பிடிபட்ட 94 பேரைத் தூக்கிலிடுகிறான். உடல்களைக் கழுவி அடக்கம் செய்யும் வேலையை மடத்துத் துறவி கட்ஃபேல் ஏற்கிறார். இளமையில் சிலுவைப் போருக்குப் போய்வந்த மனிதர் அவர். உடல்களை எண்ணுகிறார். 95 இருக்கின்றன. ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்து, தூக்கில் சாகாத ஒருவனைக் கண்டுபிடிக்கிறார். யாரோ ஒருவர் தன் சொந்தக் கொலையை அரசனின் கொலைக்குள் ஒளித்துவிட்டார். 94 கொலைகளுக்கு விசாரணை இல்லை, அவை அரசின் கட்டளை. அந்த ஒன்றுக்கு மட்டும் விசாரணை கேட்கும் துறவி, கேட்கும்போதே மற்ற 94 பேரும் மனிதர்கள்தான் என்பதை அரசனுக்கு முன்னால் நிறுவிவிடுகிறார். ஒரு பொழுதுபோக்கு நாவல் இவ்வளவு பெரிய அறக் கேள்வியை ஓர் எண்ணிக்கைக்குள் அடக்கிவிட்டது.

கொழும்புத்துறை என்ற களம்

இப்போது ஊருக்கு வருவோம். கொழும்புத்துறையில் மனிதர் கூடும் மூன்று இடங்களை நாவலாசிரியர் உடனே காண்பார். ஒன்று துறை. எதிரே பூநகரி. பரவைக் கடலில் சிறகுவலைத் தடிகள், வள்ளங்கள், போருக்கு முன் அக்கரைக்குப் போய்வந்த ஆட்களும் சாமான்களும். இரண்டாவது சைவ ஞானி யோகர் சுவாமியின் குடில். 1964 இல் சமாதி அடையும் வரை அவர் இங்கேதான் இருந்தார். கமக்காரரும் கச்சேரி உத்தியோகத்தரும் அரசியல்வாதிகளும் அவர்முன் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஆளுநர் நாயகமாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவருக்குச் சீடராகிச் சந்தசுவாமி ஆனார். மூன்றாவது புனித சவேரியார் குருமடம். சுற்றிலும் பாசையூர், குருநகர், சுண்டிக்குளி, அரியாலை. சைவரும் கத்தோலிக்கரும், கடற்றொழிலாளரும் உத்தியோகத்தரும் ஒருவர் மணியோசை மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் வாழும் இடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான கொழும்புத்துறையே ஒரு முழு நாவலுக்குப் போதும். பலாலியில் விமானத்தளம் வந்துவிட்டது. கூப்பன் அரிசிக்கு வரிசை நிற்கிறது. மலாயாவுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள், சிலரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. திரும்பி வந்தவர் உண்மையில் அவர்தானா? அந்த ஒரு கேள்வி போதும். ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் ஆள் யார் என்பது காணி யாருடையது என்பதோடு கட்டுண்டது. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் வைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டம், சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை தருகிறது. ஒரு வேலிக்கதியால் ஓரடி தள்ளி நடப்பட்டதற்கு இரண்டு தலைமுறை கோர்ட்டு ஏறிய குடும்பங்கள் உண்டு. பொக்கிஷ வேட்டையும் வைர மாலையும் நமக்கு வேண்டாம். நொத்தாரிசு எழுதிய ஓர் உறுதி போதும், கொலைக்கான காரணம் கிடைத்துவிடும்.

அடுத்த களம் 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே தெருவில், மழையில். சில மாதங்கள் கழித்துத் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத வீடு, பாழான கிணறு. அந்த வெறுமையில் ஓர் உடல் கிடந்தால் யாருமே கேட்கமாட்டார்கள். ஷெல்லடி என்பார்கள், ஆமி என்பார்கள், இயக்கம் என்பார்கள். எலிஸ் பீட்டர்ஸ் கண்ட அந்தத் தொண்ணூற்றைந்தாவது உடல் இங்கேதான் கிடக்கிறது. காணிக்காகவோ சாதிக்காகவோ காதலுக்காகவோ செய்த ஒரு தனிக் கொலையைப் போர் தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்று ஒரு கதை தொடங்கட்டும். இடம்பெயர்ந்தோரின் காணியில் வேறொருவர் பத்தாண்டு இருந்துவிட்டால் உரிமை போய்விடும் என்ற நிலையைத் திருத்த 2016 இல் ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டம் தேவைப்பட்டது. சட்டமே ஒப்புக்கொண்ட உள்நோக்கம் இது.

ஓர் உண்மையான விசாரணையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1996 செப்டெம்பர் 7 அன்று சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் இராணுவத்தினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு மௌனம். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றக் கட்டளையின்படி நடந்த அகழ்வில் அந்த ஆண்டிலேயே 200 க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் குழந்தைகளும் உண்டு. ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை கிடந்தது. ஓகஸ்டில் பை, காப்பு, செருப்பு, பால் போத்தல், பொம்மை ஆகியவற்றை வரிசையாக வைத்து, அடையாளம் காட்டக்கூடியவர்கள் வந்து பாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தார்கள்.

துப்பறியும் கதையில் தடயம் கொலையாளியை நோக்கிப் போகும். செம்மணியில் தடயம் இறந்தவரை நோக்கிப் போகிறது. செருப்பைப் பார்த்து இது என் பிள்ளையுடையது என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். இந்நாவலுக்கான துப்பறிபவர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகாமுக்கும், ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும், 2017 முதல் தெருவோரக் கொட்டகைக்கும் போன, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்குத் தேதி தெரியும், வாகனத்தின் நிறம் தெரியும், அன்று பிள்ளை போட்டிருந்த சேட்டின் பொத்தான் தெரியும். எந்தப் பொலிஸ் குறிப்பேட்டையும்விடத் துல்லியமான வழக்குக் கோவை அவர்கள் நினைவில் இருக்கிறது. அரசு அவர்களுக்குக் காணப்படாமைச் சான்றிதழ் தர முன்வந்தது. அவர்கள் கேட்டது விசாரணை.

அஞ்ச வேண்டியவை

இத்தகைய எழுத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. உயிரோடிருக்கும் தாயின் துயரத்தை விறுவிறுப்பாக்கலாமா? கூடாது. ஆகவே உண்மையான ஒருவரின் வழக்கைப் பெயர் மாற்றிக் கதையாக்குவதைத் தவிர்க்க வேண்டும். கற்பனைக் குற்றத்தை உண்மையான காலத்துக்குள் வைப்பதே நேர்மையான வழி. கட்ஃபேல் கதையில் போர் வரலாறு, அந்தக் கூடுதல் உடல் கற்பனை. இரண்டாவது ஆபத்து பக்கச்சார்பு. குற்றத்தை ஒரே சீருடைக்குள் அடைத்துவிட்டால் அது பிரசாரம் ஆகும். முஸ்லிம்களை வெளியேற்றிய நாளும், மாற்று இயக்கத்தவரைக் கொன்ற நாட்களும், ஊரவர் ஊரவரைக் காட்டிக்கொடுத்த நாட்களும் கோவைக்குள் வரவேண்டும். மூன்றாவது, தீர்வு. கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் முடிச்சவிழ்த்து வாசகரை நிம்மதியாகத் தூங்க வைப்பது இந்த மண்ணுக்குப் பொய். ஒன்றுமே தெரியாது என்று கைவிரிப்பதும் பொய்தான். சாஷா காட்டியது நடுவழி: உண்மை தெரியட்டும், அது தண்டனை ஆகாமல் போன காரணமும் தெரியட்டும்.

பொருள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்பது உண்மை. ஆனால் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. 'ஈழகேசரி'யின் வழக்குச் செய்தியும் 'ஈழநாடு' பத்திரிகையின் மரண அறிவித்தலும் இன்று வீட்டிலிருந்தே வாசிக்கக் கிடைக்கின்றன. 1963 இல் விதானை முறை ஒழிந்தபோது போன அதிகாரம் எது, கிராம சேவகருக்கு வந்தது எது, கடைசி வள்ளம் துறையை விட்டு எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் கொஞ்சக் காலமே மிச்சம்.

2009 இல் பிறந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு 1996 பாட்டன் காலத்துக் கதை. அவர்களுக்கு அதைச் சொல்ல அறிக்கைகள் இருக்கின்றன, கவிதைகள் இருக்கின்றன. அறிக்கை எண்ணிக்கையைத் தரும், கவிதை துயரத்தைத் தரும். குற்றப் புனைவு ஒன்றுதான் வாசகரை விசாரிக்க வைக்கும். எந்த நாள், எந்த வழி, யார் பார்த்தார், பார்த்தவர் ஏன் சொல்லவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் அவரையே கேட்க வைக்கும். கொலையாளிக்குத் தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை, நாவல் அதைச் செய்ய முடியாது. இறந்தவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார், அவர் சாவைக் கேட்பாரற்றதாக்கியவர்கள் யாவர் என்ற விசாரணையை நாவல் செய்ய முடியும். 15ஏ விதி பறித்தது அந்த விசாரணையைத்தான். கொழும்புத்துறையில் களம் கட்டும் நாவலாசிரியர் ஒருவர் அதை முதல் பக்கத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்.